மனைப்படமும் மடங்குக் கணக்கும்

சொந்த ஊரில் மனை வாங்க விழைந்து, அதன் வரைபடத்தை அயல் மாநிலத்திலிருந்தே பார்த்து முடிவு செய்வோர் நம்மிடையே பலர் உளர். படத்தில் மனையின் நீளம் 12 சென்டிமீட்டர், அகலம் 9 சென்டிமீட்டர், அளவுத்திட்டம் 1:100 என்று கொள்வோம். தரையில் ஒவ்வொரு பக்கமும் நூறு மடங்கு. ஆகவே மனை 12 மீட்டருக்கு 9 மீட்டர், பரப்பு 108 சதுர மீட்டர்.

அளவுத்திட்டத்தை 1:200 என்று பிழைபடப் படித்தால், பக்கங்கள் இரட்டிக்கும். பரப்போ நான்கு மடங்காகி 432 சதுர மீட்டர் எனத் தோன்றும். வடிவமும் கோணங்களும் மாறாமையால் பிழை கண்ணுக்குப் புலப்படாது. பணம் கொடுத்த பின்னரே புலப்படும்.

பக்கம் எத்தனை மடங்கோ, பரப்பு அதன் வர்க்க மடங்கு. நடுநிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இதனை அறிவர். கையொப்பமிடுமுன் படத்தையும் அளவுகோலையும் அவர்களிடம் கொடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.