பட்டியலில் தவறிய எண்

ஊர்காவற்றுறைத் துறையில் பன்னிரண்டு ஒட்டி மீன் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர், ஆறு பேர், யார் வந்தாலும் கத்தி எடுக்காமல் கூறு போட்டுவிடலாம். பதின்மூன்று கிடந்தால் சண்டைதான்.

கூறு போடுவது இந்தத் துறைக்குப் பழக்கமான கணக்கு. முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு நயினாதீவுக் கோயிலில் இருக்கிறது. எங்கள் ஊரை அது ஊராத்துறை என்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி.

இந்தக் கூறுகளையே பெரிதாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுசன். பன்னிரண்டை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் ஆறு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண் கிடையாது. தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் இப்படி வெல்லும் எண்களைத் தேடிப்போனார். 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது, 48க்குப் பத்து, 60க்குப் பன்னிரண்டு. ஒரு நாளை 60 நாழிகையாக வகுத்த நம் முன்னோரும் ஆள் தெரிந்துதான் பிடித்திருக்கிறார்கள்!

1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் இதுபற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. அதற்காகவே அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. போர்க்காலம், சங்கத்திடம் காசில்லை. எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாமல் கிடந்து 1997இல்தான் ஏடொன்றில் வெளிவந்தது.

அச்சான பகுதியில் ஒரு பட்டியல் உண்டு. கணினி இல்லாத காலத்தில் ஆக்கிய 102 எண்கள். கடைசி எண் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88,800. அதற்கு 10,080 வகுஎண்கள். ஒரு கிழமைக்கு எத்தனை நிமிடமோ அத்தனை. இது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அந்தப் பட்டியலில் ஒரேயொரு எண் விடுபட்டுப்போயிற்று. 29,331 கோடியே 86 இலட்சத்து 25,600. முந்தினதற்கு 4,800 வகுஎண், பிந்தினதற்கு 5,376. நடுவே 5,040 வகுஎண்களோடு இருந்தது இது. எண்கள் ஒவ்வொன்றையும் தோழர்போல அறிந்தவர் என்று பேரெடுத்தவர் இதை மட்டும் எப்படித் தவறவிட்டார்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தவறிய எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது அவர் கடைசியாக எழுதிய அதே எண். பன்னிரண்டு இலக்கம் காட்டும் கடைக் கல்குலேட்டரில் விடை கொள்ளாது, பதின்மூன்று இலக்கம். கொப்பியும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.