ஆறுதலாக ஒரு பயணம்: கல்முனையிலிருந்து உகந்தை வரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், பயண ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, வகுப்பறைத் திருத்தம், நூலகத்துக்குப் புத்தகம், பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் என்று பல யோசனைகள் வந்தன. அவை நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு ஒரு சின்ன யோசனையும் வந்தது. விரும்புகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, கல்முனையிலிருந்து கடற்கரை வீதி வழியாகப் பொத்துவில், பாணமை, உகந்தை வரை மூன்று நாள் ஆறுதலாகப் போய்வருவது. அந்த ஏற்பாட்டை உங்கள் முன் வைக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்குத் தரப்பட்டது.

சொன்னவுடனே எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பொத்துவில் என்ன, எழுபது கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். இதற்கு மூன்று நாளா?" நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

இந்த வீதியில் நீங்கள் எதற்காகப் போயிருக்கிறீர்கள் என்று எங்கள் உறுப்பினர்களிடம் கேட்டோம். அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனோம் என்றார்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு, பொத்துவிலில் கிடைத்த முதல் நியமனத்துக்கு, அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்கு, நிந்தவூரில் ஒரு மையத்து வீட்டுக்கு, திருக்கோவிலில் ஒரு நேர்த்திக்கு என்றார்கள். யுத்த காலத்தில் போனவர்கள் சோதனைச் சாவடிகளைச் சொன்னார்கள். இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபக்கம் போய் ஏறிய கதைகள். சுனாமி முடிந்த நாட்களில் உறவுகளைத் தேடிப் போனவர்களும் இருந்தார்கள். சும்மா போனோம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ-4 நெடுஞ்சாலை, நாட்டின் மிக நீண்ட ஏ தர வீதி. அதன் கடற்கரைப் பகுதி நம் வாசலால் போகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்த வீதியால் முதுகுப் பையுடன் அறுகம்பைக்குப் போவதை நாம் வருடா வருடம் பார்க்கிறோம். அவர்கள் பத்தாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்து பார்க்கும் கடற்கரையை, எழுபது கிலோமீற்றரில் இருக்கிற நாம் வான் யன்னலால் பார்த்ததோடு சரி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நமது கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுகிறோம்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். குடி வழியும் தாய் வழிதான். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதையெல்லாம் 2008இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இதன் பாரம் பெற்றோருக்கு எவ்வளவு என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் வீடு நம்முடையதுதான். வீட்டு வாசலைத் தாண்டியதும் ஓடுகிற வீதியில் மட்டும், ஒரு காரணமும் ஒரு துணையும் இல்லாமல் நாம் போனதில்லை.

இது நமக்குப் புதிய வழக்கம் என்றும் சொல்ல முடியாது. கதிர்காமப் பாத யாத்திரைக்காரர்கள் இந்தக் கரையால்தான் நடந்து போகிறார்கள். அவர்களில் பெண்கள், அதுவும் வயதான பெண்கள் நிறையப் பேர். நின்று, சமைத்து, கோயில் மரத்தடியில் படுத்து, மறுநாள் எழும்பி நடப்பார்கள். அவர்களுக்கு நேர்த்தி இருக்கிறது. நமக்கு அது இல்லை. ஆனால் நின்று நின்று போகும் அவர்களுடைய வேகத்தை நாம் கடன் வாங்கலாம்.

இனி வழியைச் சொல்கிறோம்.

முதல் நாள் காலை, சுபஹுக்குப் பிறகு கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியடியில் கூடுவோம். நாகூர் ஆண்டவர் பேரில் கொடியேறும் அந்த இடம் நம் எல்லாருக்கும் சிறுவயதுப் பழக்கம். கிழக்குக் கரையில் இருப்பதன் பாக்கியம், சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்த்துவிட்டே புறப்படலாம். சாய்ந்தமருது, மாளிகைக்காடு தாண்டிக் காரைதீவில் முதல் தரிப்பு. சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், யாழ் நூலின் ஆசிரியர். பாடத்தில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம். அவருடைய ஊரில் அரை மணித்தியாலம் இருந்ததில்லை. அங்கேயே கண்ணகி அம்மன் கோயிலும் இருக்கிறது. அந்தக் கோயிலை நினைவில் வைத்திருங்கள், பாணமையில் அதைப் பற்றி மீண்டும் பேசவேண்டி வரும்.

நிந்தவூர் கழிந்தால் களியோடைப் பாலம். இரண்டு பக்கமும் வயல். வீதியில் வீடுகள் நெருக்கம் குறைந்து காற்று வருவது இங்கேதான். பாலம் தாண்டி மெதுவாகப் போகச் சாரதியிடம் சொல்லியிருக்கிறோம்.

அடுத்தது ஒலுவில். பல்கலைக்கழகத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை. நம் பிள்ளைகள் படித்த, படிக்கிற இடம். நாங்கள் உங்களைக் கூட்டிப்போக நினைப்பது வெளிச்சவீட்டடிக் கடற்கரைக்கு. 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் பிறகு துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்து, தென்னந்தோட்டங்களையும் மீனவர் வாடி நின்ற இடங்களையும் கொண்டுபோனது. துறைமுக வாயிலோ மணல் நிரம்பி அடைபட்டது. மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருப்பது; ஒரு இடத்தில் கல்லணை போட்டு மறித்தால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் குறையும். இதை வாசித்து அறிவதற்கும் வேரோடு சரிந்து கிடக்கும் தென்னையைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. புவியியல் படிப்பித்த நம் ஆசிரியைகளில் ஒருவர் அங்கே பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அக்கரைப்பற்றில் பகல் சாப்பாடும் ழுஹர் தொழுகையும் ஓய்வும். வெயில் தாழ்ந்த பிறகு தம்பிலுவில் வழியாகத் திருக்கோவில். சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே தீர்த்தமாடச் சனம் திரளும். அன்று அந்தக் கரையில் கூட்டம் இருக்காது. பிறகு கோமாரி, பொத்துவில். இரவு உல்லையில் தங்கல்.

இரண்டாம் நாள் விடிய எழும்பிப் பாணமைக்கும் உகந்தைக்கும். அறுகம்பைப் பாலத்தைத் தாண்டும்போது சற்று நில்லுங்கள். 2004இல் சேதமடைந்து, 2008இல் புதிதாகத் திறக்கப்பட்ட பாலம். பாணமை சிங்களவரும் தமிழரும் கலந்து, ஒருவருக்கொருவர் சம்பந்தம் செய்து வாழ்ந்த ஊர். அங்கே பத்தினி தெய்வத்துக்குக் கொம்பு முறி விழா நடக்கும். காரைதீவில் கண்ணகி, பாணமையில் பத்தினி. ஒரே பெண், இரண்டு மொழி. இந்தக் கடற்கரையில் யாருக்கும் யாரும் அந்நியம் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று எங்களுக்குத் தெரியாது. பாணமைக்கு அப்பால் காடு. உகந்தை முருகன் கோயில் வரை நம் வாகனம் போகும். குமண பூங்காவுக்குள் போக விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஜீப். சித்திரை, வைகாசியில் அங்கே பறவைகள் கூடு கட்டும் காலம். யானை நடமாட்டம் உள்ள வழி என்பதால் பின்னேரம் மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அன்று பின்னேரம் உல்லைக் கடல். மீன்பிடி வள்ளங்கள் நிற்கும் தெற்கு மூலையில் அலை குறைவு, கால் நனைக்கலாம். 2018இல் அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். நாட்டில் பெண்களுக்கான முதலாவது அதுதான். நாங்கள் பலகையில் ஏறச் சொல்லவில்லை. கரையில் இருந்து பார்ப்போம். ஏற விரும்பும் தங்கைமாரைத் தடுக்கவும் மாட்டோம்.

மூன்றாம் நாள் பொத்துவிலில் மணல் மேடுகளும் முகுது மகா விகாரைச் சிதைவுகளும் பார்த்து, முதல் நாள் தவறவிட்ட இடங்களில் நின்று, மஃரிபுக்கு முன் கல்முனை.

காலத்தைப் பற்றி. மாரியில் வெள்ளம், வீதி அடைபடும், கடலும் பொல்லாதது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வாட்டி எடுக்கும், உல்லையிலும் கூட்டம். ஆகவே சித்திரைப் புத்தாண்டு கழிந்து, பாடசாலை தொடங்குமுன் உள்ள நாட்களை எடுத்திருக்கிறோம். திங்கள் புறப்பட்டுப் புதன் திரும்புவதால் ஜும்ஆ நாளும் இல்லை, வார இறுதி நெரிசலும் இல்லை.

வாகனம் ஒரு கோஸ்டர் பஸ். ஏறி இறங்க ஒரு ஸ்டூல் கொண்டுபோவோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முன் ஆசனம். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் மருந்தைக் கைப்பையில் வைத்திருங்கள், பெட்டியில் வேண்டாம். தாதியாக இருந்த இரண்டு ராத்தாமார் கூட வருகிறார்கள். செலவைப் பங்கிடுவோம். முடியாதவர்கள் குழுவில் ஒருவரிடம் மெதுவாகச் சொன்னால் போதும். வெளிநாட்டிலுள்ள நம் சகோதரிகள் அதற்கென்று பணம் தந்திருக்கிறார்கள். யார் தந்தார், யார் தரவில்லை என்பது குழுவில் இருவருக்கு மேல் தெரியாது.

பெண்கள் பயணம் என்றதும் எழும் பெரிய பிரச்சினை, வெளியில் சொல்லக் கூச்சப்படுவது, மலசலகூடம். பாதி வழி தண்ணீர் குடிக்காமல் போய்த்தான் நமக்குப் பழக்கம். தொழ இடம், படுக்க இடம், நம்பிச் சாப்பிட இடம் எல்லாம் அதோடு சேர்ந்தவை. நாங்கள் வழியில் உள்ள ஊர்களின் பட்டியலையும் நம் சங்க உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காரைதீவிலிருந்து பொத்துவில் வரை, ஓரிரண்டு ஊர் தவிர, ஒவ்வொரு ஊரிலும் நம்மோடு படித்த ஒருத்தியின் வீடு இருக்கிறது. அதுவும் அவளுடைய வீடு. அவள் வாசலைத் திறக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. கேட்ட உடனே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டில் காலைப் பிட்டு, ஒரு வீட்டில் பகல் சோறு, ஒரு வீட்டில் வட்டிலப்பமும் தேநீரும். ஹோட்டல் தேடவேண்டியது உல்லையில் இரண்டு இரவுக்கு மட்டும்தான். நம் தாய்மார் நமக்கு விட்டுப்போன வீடுகள் இப்படி ஒரு வீதியாகும் என்று நாங்களும் நினைக்கவில்லை.

வீட்டில் கேட்பது எப்படி என்றும் சிலர் கேட்டார்கள். கணவர்மாருக்கும் பிள்ளைகளுக்கும் முழு விபரமும் எழுத்தில் தருகிறோம்: எந்த ஊர், எந்த வீடு, எத்தனை மணி, யாருடைய தொலைபேசி. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் "என்ன தேவைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால் அதற்கு ஒரு பொய்க்காரணம் சொல்ல வேண்டாம் என்று வேண்டுகிறோம். பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது போதும். நாளை உங்கள் மகளும் அதே பதிலைச் சொல்லலாம்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். நம் வகுப்புப் படங்களில் இருந்த பலர் அன்று போனார்கள். கடலைப் பார்க்கவே மனமில்லாமல் அன்றிலிருந்து கடற்கரைப் பக்கம் போகாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வற்புறுத்தவில்லை. வந்தால், வாகனத்திலேயே இருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். நம் மூத்தவர்களுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. ஒலுவிலில் கரை இன்னும் குறைகிறது. தள்ளிப்போட நமக்கு நிறைய வருடங்கள் இல்லை.

நம் ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக என்று பொருள். மனம் ஆறுவதற்கும் அதே சொல்தான். இரண்டும் வேண்டியே இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்திருக்கிறோம்.

பெயர் பதியும் கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. இருபத்தைந்து ஆசனம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் இடம். உங்கள் வீடு வழியில் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். களியோடைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் தேநீருக்கு ஒரு வீடு இன்னும் தேவைப்படுகிறது.