இளிவும் இழவும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“வாழ்க்கைத் துன்பங்களும் மன வளர்ச்சியும்” என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தலைப்பைக் கேட்டவுடன் புடமிட்ட பொன், அரைத்த சந்தனம், சுட்ட சங்கு எல்லாம் வரிசையாக என்முன் வந்து நின்றன. மேடைப் பழக்கம் உடையவர்களுக்கு இவை எப்போதும் கைவசம் இருப்பவை. ஒரு தாளில் அவற்றைக் குறித்தும் வைத்தேன். பின்பு, நம் நகரிலேயே இருக்கின்ற கருணாபுரம் நினைவுக்கு வந்தது. அங்கே கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் முன்னே நின்று, “அம்மா, துன்பம் உங்களைப் புடமிடுகிறது” என்று என்னால் சொல்ல முடியுமா? தாளைக் கிழித்துவிட்டேன். ஆகவே இன்று தலைப்பின் ஓரத்தில் நின்றுதான் பேசப்போகிறேன், பொறுத்தருள்க.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இம்மலரைப் பின்னாளில் புரட்டுவோர்க்காகச் சுருங்கச் சொல்கிறேன். 2024 ஜூன் 18, 19 ஆகிய நாள்களில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்றுவலியும் கண் மங்கலுமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் சேலத்திற்கும் விழுப்புரத்திற்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டார்கள். 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்கள். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள். உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்கும். உயிர் தப்பியவர்களிலும் சிலர்க்குப் பார்வை தப்புவதில்லை என்பது இதனால்தான். முதலில் இறந்தவரின் வீட்டிற்குத் துக்கம் கேட்க வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அந்நாள்களில் செய்தித்தாள்கள் எழுதின. ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் ஒரே வேளையில் பல சிதைகள் எரிந்தன.

அரசு இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் அறிவித்தது. சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வழக்கு 2024 நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. இவையெல்லாம் அரசும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியவை. நான் பேச வந்தது வேறு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களங்கள் நான்கு என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு என்பது உற்றாரையோ உடைமையையோ இழத்தல். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல். வறுமை விளக்கம் வேண்டாதது. இருபது ஆண்டுகளாக இந்நூற்பாவை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு களத்திற்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுச் சொல்லிப் பழகியவள். நான்கும் ஒரே வீட்டிற்குள், ஒரே வாரத்தில் நுழையக்கூடும் என்று நினைத்ததில்லை. கணவன் போனது இழவு. அதுவரை வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அரிசி ஆலைக்கு வேலை கேட்டுப் போனது அசைவு. கண்ணிழந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டவரின் நிலையும் அதுவே. அடகுச் சீட்டுகளும் கந்துக் கடனும் வறுமை.

தொல்காப்பியர் இழவுக்கு முன்பே இளிவை வைத்தார் என்பதை இப்போதுதான் கவனித்தேன். எதுகை நோக்கி அப்படி வந்தது என்று யாப்பறிந்த உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். இருக்கட்டும். ஆனால் கருணாபுரத்தில் அந்த வரிசைதான் உண்மையாக இருந்தது. சிதை ஆறுவதற்கு முன்பே ஊரெங்கும் பேச்சு எழுந்தது. குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா என்று தேநீர்க் கடையில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள், நான் பணிபுரியும் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். அத்தொகையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. பொதுப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை எவர்க்கும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கருணாபுரத்துப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும்? உன் புருஷன் அழத்தக்கவன் அல்லன் என்றுதான் விழுந்திருக்கும். கல்வராயன் மலை மக்களும் இதே இளிவைச் சுமக்கிறார்கள். மலை என்றாலே சாராயம் என்று பேசுவோர்க்கு, மெத்தனால் மலையில் காய்ச்சப்படும் பொருளன்று என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் இத்தகைய துக்கத்திற்கு ஒரு பெயரிட்டார். சமுதாயம் ஏற்றுக்கொள்ளாத, வெளிப்படையாக அழ இடம் கொடுக்காத துக்கம் என்பது அதன் பொருள். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று நாம் தமிழில் சொல்லலாம். அழ இடமில்லாத துக்கம் ஆறுவதில்லை. உள்ளேயே தங்கி உடல்நோயாகவும் சினமாகவும் வெளிப்படுகிறது. டோகா அவர்களுக்கு நம் நூற்பாவைக் காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வதுண்டு. தமிழாசிரியர்க்கே உரிய சிறு கர்வம் இது.

நம் வட்டத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. விழா நாளில் சொல்வது முறையோ அறியேன். அவ்வாண்டு நாம் நடத்திய கவியரங்கில் படிக்கப்பட்ட கவிதைகளில் பெரும்பாலானவை இறந்தவர்களை முன்னிலைப்படுத்தி, ஏன் குடித்தாய் என்று கேட்டன. சந்தம் நன்றாக இருந்தது, கைதட்டினோம். நானும் தட்டினேன். கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். குடியை நியாயப்படுத்த இங்கே நிற்கவில்லை. அறிவுரை உயிரோடிருப்பவனுக்கு உரியது. பிணத்தின் முன் சொல்லப்படும் அறிவுரை பிணத்திற்குக் கேட்பதில்லை. அருகில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் மகனுக்கும் கேட்கிறது.

நம் கையறுநிலைப் பாடல்கள் இதை அறிந்திருந்தன. அதியமானை இழந்த ஔவையார் பாடிய புறப்பாட்டை எண்ணிப் பாருங்கள். அவன் வென்ற போர்களிலிருந்து அவர் தொடங்கவில்லை. கிடைத்த கள்ளை, சிறிதாயினும் பெரிதாயினும், அவன் எவ்வாறு பகிர்ந்துகொண்டான் என்பதிலிருந்து தொடங்குகிறார். அக்காலத்துக் கள் வேறு, இக்காலத்து நஞ்சு வேறு. அரசன் வேறு, சுமை தூக்குபவர் வேறு என்பீர்கள். உண்மைதான். நான் காட்ட விரும்புவது வேறொன்று. இறந்தவன் தன்னோடு இருந்த முறையை ஔவையார் முதலில் சொல்கிறார். அவனை எடைபோடுவது அவருக்கு வேலையாகப்படவில்லை.

நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணை நடுவே கபிலக்கல் இருக்கிறது. பாரியை இழந்த கபிலர் அங்கே தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர்க் கல்வெட்டு கூறுகிறது. வடக்கிருந்தார் என்றும் மரபு உண்டு. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோதெல்லாம் அந்த முடிவை நட்பின் சிகரம் என்று வருணித்திருக்கிறேன். 2024-க்குப் பிறகு அவ்வாறு சொல்வதை நிறுத்திவிட்டேன். துக்கம் தாளாமல் இறப்பது பெருமை என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது கபிலர் அதற்கு முன்பு செய்ததைச் சொல்கிறேன். தந்தையற்ற இரண்டு பெண்களைக் கையில் பிடித்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார், அவன் மறுத்தான். இருங்கோவேளிடம் போனார், அவன் மறுத்ததோடு இகழவும் செய்தான். இழவோடு இளிவும் சேர்ந்தது. ஆயினும் அவர் நடப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பெண்களுக்கு ஒரு புகலிடம் பார்த்த பிறகே தன்னைப் பற்றி நினைத்தார். அந்த நடையைத்தான் நான் பாடமாக நடத்துகிறேன்.

மன வளர்ச்சி என்று தலைப்பில் இருக்கிறதே, அதற்கும் வருகிறேன். துன்பத்திற்குப் பின் சிலர் முன்னினும் ஆழமான மனிதர்களாவதை 1990-களின் நடுவில் டெடெஸ்கி, கால்ஹூன் என்னும் உளவியலார் ஆராய்ந்து எழுதினர். அவர்களும் துன்பம் நல்லது என்று சொல்லவில்லை. துன்பத்தோடு மனிதர் நடத்தும் போராட்டத்தில்தான் வளர்ச்சி வரக்கூடும் என்றும், வந்தாலும் வலி போய்விடுவதில்லை என்றும் சொன்னார்கள். அந்தப் போராட்டத்தைத் தனியே நடத்துவது கடினம். உறங்க முடியாமல், உண்ண முடியாமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வருமளவுக்குப் போனவர்களுக்கு மருத்துவரே வேண்டும். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை உங்கள் தெருவில் நான்கு பேருக்குச் சொல்லி வையுங்கள். மற்றவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கேட்பதற்கு ஓர் ஆள்.

ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்லமாட்டேன். பத்து நாள் வராமலிருந்து விடுப்பு விண்ணப்பம் கொண்டுவந்தார். “தந்தையார் உடல்நலக் குறைவால் காலமானார்” என்று அழகிய கையெழுத்தில் இருந்தது. எந்த உடல்நலக் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல வாயெடுத்து, சொல் கிடைக்காமல், “தம்பி, அப்பா என்ன வேலை பார்த்தார்?” என்று மட்டும் கேட்டேன். “பெயிண்டர் அம்மா” என்றார். பிறகு ஒரு பாடவேளை முழுவதும் அவரே பேசினார். சுவரைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை லிட்டர் ஆகும் என்று தந்தை சொல்லிவிடுவாராம். சாரத்தின் மேலிருந்து பாடுவாராம். நம் கல்லூரி நூலகத்தின் வெளிச்சுவரில் ஒரு பக்கம் அவர் பூசியதாம். போகும்போது விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வேறொன்று எழுதிக்கொண்டுவந்தார். அதில் இருந்ததை இங்கே சொல்வது முறையன்று.

அந்த விண்ணப்பத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம் உண்டு. 1994-இல், ஒன்பதாம் வகுப்பில், நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். என்னுடையதில் மஞ்சள் காமாலை என்று இருந்தது. என் தந்தையார் தையற்காரர், நல்ல கைவேலைக்காரர், குடியால் ஈரல் கெட்டு இறந்தார். எடுத்த அன்று என் தாயார் முதலடியைத் தொடங்கியபோது உறவில் மூத்தவர் ஒருவர், குடித்துச் செத்தவனுக்கு ஒப்பாரி ஒரு கேடா என்றார். பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பறையும் இல்லை, பாட்டும் இல்லை.

நான் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒப்பாரி. ஏன் அதை எடுத்தேன் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டபோது, நாட்டார் வழக்காற்றியலில் உள்ள ஆர்வத்தால் என்று விடை சொன்னேன். ஊர் ஊராய்ச் சென்று ஒலிப்பதிவு செய்தேன். பின்னிணைப்பில் நூற்றுக்கணக்கான பாடல்கள் உள்ளன. என் வீட்டுப் பாடல் ஒன்றும் இல்லை. என் தாயாரிடம் நான் கேட்டதே இல்லை.

2024 ஜூன் 20 இரவு தொலைக்காட்சியில் கோமுகிக் கரையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒலியைக் குறைத்துவிட்டு, சற்று நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லப் பாடத் தொடங்கினார். முதலில் அந்த ஊர்ப் பெண்களுக்காகப் பாடுகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது அடியில் தையல் இயந்திரம் வந்தது. கட்டியழ ஆள் இல்லாமல் தனியே அசைந்துகொண்டிருந்தார். அருகில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கவில்லை. ஆதலால் சொற்கள் எல்லாம் நினைவில் இல்லை. அப்பா எனக்குத் தைத்த பள்ளிப் பாவாடை ஒன்று அதில் வந்தது. வளர்கிற பிள்ளை என்று அவர் எப்போதும் இரண்டு டக்கு வைத்துத் தைப்பார். அவர் போன ஆண்டு ஒரு டக்கையும் மறு ஆண்டு இன்னொன்றையும் அம்மாதான் பிரித்துவிட்டார். நூல் பிரித்த இடத்தில் துணி புதிதாக, நிறம் மங்காமல் இருந்ததாம். எனக்கு அது மறந்துபோயிருந்தது.