நோட்டீஸ் வந்த பிறகு



சட்டத் துறையும் இதழியல் துறையும் ஒரே மேடையில் பட்டம் வாங்குவது அபூர்வம். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் ஒரு சாரார் எழுதும் கடிதத்தை இன்னொரு சாரார் கையெழுத்துப் போட்டு வாங்கப்போகிறீர்கள். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பத்திரிகைகளுக்காக வழக்காடுகிறவன் என்பதால் அந்த வகை இலக்கியத்தை நிறையவே வாசித்திருக்கிறேன்.

அதன் நடை மாறுவதில்லை. எமது கட்சிக்காரர் சமூகத்தில் மிகுந்த மதிப்பும் மரியாதையும் உள்ளவர். தாங்கள் வெளியிட்ட செய்தியால் அவர் சொல்லொணா மன உளைச்சலுக்கு ஆளாகியிருக்கிறார். இந்த நோட்டீஸ் கிடைத்த ஏழு தினங்களுக்குள் நிபந்தனையற்ற மன்னிப்பை அதே பக்கத்தில் வெளியிட்டு, நஷ்டஈடாக இத்தனை கோடி செலுத்த வேண்டியது. தவறும் பட்சத்தில் சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும், செலவுத் தொகைக்கும் தாங்களே பொறுப்பு. நான்கு பக்கத்தையும் படித்து முடித்த பிறகு ஒரே ஒரு தகவல் பல சமயம் அதில் அகப்படாது: செய்தியில் எந்த வரி பொய்?

கோடிகளைக் கண்டு மிரள வேண்டாம். நோட்டீஸில் நூறு கோடி என்று எழுதத் தபால் செலவு போதும். அதையே தமிழ்நாட்டில் வழக்காகத் தாக்கல் செய்தால் 3 சதவீத நீதிமன்றக் கட்டணம், அதாவது 3 கோடி ரூபாய் கட்டியாக வேண்டும். 2017 வரை அது ஏழரை சதவீதமாக இருந்தது. ஆகவே இங்கே பல நோட்டீஸ்கள் நோட்டீஸாகவே காலமாகிவிடும். குஜராத்தில் கணக்கே வேறு. எத்தனை கோடி கேட்டாலும் அங்கே கட்டணத்தின் உச்சவரம்பு 75,000 ரூபாய். 2018இல் ரஃபேல் விமானக் கொள்முதல் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காக அனில் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமம், டெல்லியிலிருந்து இயங்கும் என்டிடிவி மீது 10,000 கோடி கேட்டு வழக்குப் போட்டது அகமதாபாத்தில். காரணத்தை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். 2011இல் ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் அரிந்தம் சௌத்ரி பற்றி டெல்லியின் கேரவன் இதழ் எழுதியது. 50 கோடி கேட்டு வழக்கு விழுந்த இடம் அசாமின் சில்சார். கட்டுரைக்குத் தடை கிடைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியபோது 2018 ஆகிவிட்டது.

இத்தகைய வழக்குகளைத் தொடுப்பவர் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. அவருக்கு வேண்டியது வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு ரயில் டிக்கெட், ஒரு வக்கீல் கட்டணம், ஆசிரியர் அலுவலகத்தில் இல்லாத ஒரு நாள். அடுத்த நிருபர் அதே ஆளைப் பற்றிய கோப்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது, "இப்போது வேண்டாம்பா" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும். வழக்குப் போட்டவர் ஜெயித்தாயிற்று. அந்த வெற்றி எந்தச் சட்ட இதழிலும் பதிவாவதில்லை.

பணம் கேட்கும் வழக்கு ஒரு வகை என்றால் சிறை கேட்கும் வழக்கு இன்னொரு வகை. இதில் அமைச்சர்களுக்குச் சட்டம் தனி வசதியே செய்து கொடுத்திருக்கிறது. அவர்கள் சார்பில் அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். அமைச்சர் சொந்தப் பையைத் தொட வேண்டியதில்லை, நம் வரிப்பணம் இருக்கிறது. ஜெயலலிதா அரசு ஐந்தாண்டுகளில் தொடுத்த அவதூறு வழக்குகள் 213, அவற்றில் 55 ஊடகங்கள் மீது என்று 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசே பட்டியல் கொடுத்தது. 2011 முதல் 2013 வரை இந்து, நக்கீரன், முரசொலி உள்ளிட்ட பத்திரிகைகளின் ஆசிரியர்கள்மீது போடப்பட்ட வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்த நாள் 2020 மே 21. அரசு கொடுப்பதை அப்படியே நீதிமன்றத்தில் சேர்ப்பிக்க அரசு வழக்கறிஞர் ஒன்றும் தபால் நிலையம் அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அப்போது ஜெயலலிதா மறைந்தே மூன்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 2021இல் ஆட்சி மாறியதும், பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஆட்சி மாறினால் ஆவியாகிவிடும் குற்றம் என்ன குற்றம்? சட்டப் பிரிவு மட்டும் ஆவியாகவில்லை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 என்ற எண்ணோடு, இரண்டாண்டு வரையிலான சிறையோடு இன்னும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்குக்கு வருகிறேன். 1994. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிடப்போவதாக நக்கீரன் அறிவித்தது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலருக்கும் சங்கருக்கும் இருந்த நெருக்கம் அதில் வருகிறது என்று பேச்சு. ஜூன் 15ஆம் தேதியிட்டுச் சிறைத் துறைத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இது சங்கர் எழுதியதே அல்ல, சிறை விதிகளுக்கு விரோதமானது, உடனே நிறுத்துங்கள், இல்லையேல் நடவடிக்கை. பதில் எழுதியிருக்கலாம், பேசி முடித்திருக்கலாம், அல்லது அந்தத் தொடரையே மறந்திருக்கலாம். ஆசிரியர் கோபால் செய்தது வேறு. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மிரட்டியவர் வழக்குப் போடும்வரை காத்திருக்காமல், மிரட்டலையே வழக்காக்கினார்.

அக்டோபர் 7ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பளித்தார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. தங்களைப் பற்றி அவதூறு வரக்கூடும் என்று அஞ்சி, ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் இடமில்லை. வந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம். அதிலும், ஓர் அதிகாரி தன் பதவிக் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எழுதியது தவறாகவே போனாலும், நியாயமாகச் சரிபார்த்த பிறகுதான் எழுதினேன் என்று காட்டினால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம். அதே தீர்ப்புதான் தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் அரண் கட்டியது. சங்கரின் வாழ்க்கையில் பொது ஆவணங்களுக்கு அப்பால் அவர் சம்மதமின்றிப் போனால் பத்திரிகையே பொறுப்பு என்றது. குற்றவியல் அவதூறுப் பிரிவைத் தொடாமல் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் பிற்பாடு 213 வழக்குகள் முளைத்தன.

இந்தத் துரத்தல் இந்தியாவோடு நிற்பதில்லை. மால்டாவில் ஊழலை எழுதிய டாஃப்னி கருவானா கலீசியா 2017 அக்டோபரில் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர்மேல் 40க்கும் அதிகமான அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவர் இறந்த பிறகும் பல வழக்குகள் வாரிசுகளைத் துரத்தின. அந்தக் கொலைக்குப் பிறகு, இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வழிசெய்யும் நெறிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனாலும் அதே ஆண்டு, ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில், விசாரணைக்கு முன்பே செய்திக்குத் தடை விதிப்பது அரிதினும் அரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்கு நினைவூட்டியது.

இதழியல் படித்தவர்களே, சரிபார்த்தேன் என்று வாயால் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது. குறிப்பேட்டைக் கிழிக்காதீர்கள். ஆவணத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். தவறு நேர்ந்திருந்தால் நோட்டீஸ் வரும் முன்பே திருத்தம் போடுங்கள். தாலுகாவில் நிருபராகச் சேர்பவர்கள் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்மன் வரும் நாளில், "இவர் எங்கள் ஊழியரே இல்லை" என்று தலைமையகம் சொல்லிவிடக் கூடாது.

சட்டம் படித்தவர்களே, கட்சிக்காரர் கோபமாக வந்து உட்காரும்போது செய்தியை அவர் முன் வைத்து, எந்த வரி பொய் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தயங்காமல் நோட்டீஸ் எழுதுங்கள். பொய்ச் செய்தியால் மானம் போனவருக்கும் வக்கீல் வேண்டும். காட்ட முடியாதவரிடம் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஜூனியராக இருக்கும்போது வாடகை நாள் நெருங்கிவிடும்.

சாப்பாட்டுக்குப் போகும்போது இரண்டு துறையினரும் கைபேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நோட்டீஸ் எப்படியும் வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்துத்தான் வரும்.