குருத்து போனால் மரம் போனதா?

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து பராமரிப்புக் கட்டண விவாதம் இருப்பதால் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

பம்ப் ரூம் பக்கத்து இளந்தென்னையைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் குருத்து காய்ந்து சாய்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் கடப்பாரையை எடுப்பதற்கு முன், இந்த ஆண்டு இங்கிலாந்தில் மகள் வீட்டில் நான் கற்றுக்கொண்டதைக் கேளுங்கள்.

அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சிறு பனை இருக்கிறது. பேத்தி பிறந்த ஆண்டு நட்டது, இடுப்பளவு உயரம். முதலில் பார்த்தபோது என் மனைவி, "இங்கே ஏது பனங்கன்று?" என்று கேட்டாள். விசிறி போன்ற ஓலை, தண்டைச் சுற்றிப் பன்னாடை போல நார். நம் பனை இல்லை, பனைக் குடும்பம். ட்ராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்று பெயர். அங்கே சூசான் பாம் என்பார்கள். சீனாவின் சூசான் தீவில் இதைப் பார்த்து 1849இல் இங்கிலாந்துக்கு அனுப்பியவர் ராபர்ட் ஃபார்ச்சூன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே ஆள்தான். சீன விவசாயிகள் இந்த நாரில் மழைக்கு அங்கி செய்து போட்டுக்கொள்வார்களாம்.

நன்றாக வேர்பிடித்த சூசான் பனை மைனஸ் 10 டிகிரி குளிரையும் தாங்கும். சிறு கன்றுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் மாப்பிள்ளை நவம்பரிலேயே பிளாஸ்டிக் பபுள் ஷீட்டால் அடி முதல் நுனி வரை இறுக்கிச் சுற்றிவிட்டார். நாங்கள் பிப்ரவரியில் போய்ச் சேரும்வரை யாரும் அதைப் பிரிக்கவில்லை.

பிரித்தோம். ஓலை எல்லாம் பாதி பழுப்பு. நடுக் குருத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்தேன், வெண்ணெயில் சொருகிய கத்தி போல வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று, புளித்த வாடையோடு. "செத்துப்போச்சு மாமா, வேற வாங்கிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. பேத்தி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வேம்பையோ புங்கனையோ வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். இப்படி ஒற்றைத் தண்டாக நிற்கும் பனைக்கும் தென்னைக்கும் அது கிடையாது. வளர்முனை ஒன்றே ஒன்று, கொண்டைக்குள் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் வெளியே நாம் பார்க்கும் குருத்து அந்த வளர்முனை இல்லை, அது ஏற்கெனவே உருவாகி மேலே வந்துகொண்டிருக்கும் ஓர் ஓலை. அதற்குக் கீழே அடுத்தடுத்த ஓலைகள் சுருட்டிவைத்தபடி காத்திருக்கும். அழுகல் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் கேள்வி. அதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் பனையைக் கெடுத்தது குளிர் மட்டுமில்லை, ஈரமும்தான். உறைபனியில் குருத்தின் திசு கொஞ்சம் செத்திருக்கும். பிளாஸ்டிக்குக்குள் வியர்த்த நீர் கொண்டையில் தேங்கி, அந்தச் செத்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறிவிட்டன.

அதனால் முதல் வேலை உலர்த்துவது. கொழகொழத்ததை ஸ்பூனால் வழித்தேன். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் குழிக்குள் ஊற்றினேன், சோடா மாதிரிப் பொங்கியது. சில நாள் இடைவெளியில் மறுபடி, நுரை குறையும்வரை. மேலே ஒரு பழைய கண்ணாடித் தகட்டை நாலு குச்சியில் சாய்வாக நிறுத்தினேன். மழை விழக்கூடாது, காற்று போகவேண்டும்.

மாப்பிள்ளை கத்தரியோடு வந்தார், பழுப்பு ஓலைகளை வெட்டிவிட. தடுத்துவிட்டேன். பாதி பச்சை இருந்தாலும் அந்த ஓலைதான் மரத்துக்குச் சமையற்கட்டு. முழுதும் காய்ந்ததை மட்டும் எடுத்தோம். உரமும் போடவில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு விருந்து வைப்பதில்லை அல்லவா? வேர் குளிரில் தூங்கும்போது உரம் அதற்கு உதவாது. தண்ணீரும் மண் காய்ந்தால் மட்டும்.

பிறகு காத்திருந்தோம். இதுதான் கஷ்டமான பாகம். மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. குழிக்குள் அடுத்த ஓலையின் முனை தெரிந்தது, உயிருள்ளதா இல்லையா என்று தெரியவில்லை. பேத்தியை விட்டு அந்த முனையிலும் பக்கத்து மட்டையிலும் ஒரே நேராக மார்க்கரால் கோடு போடச் சொன்னேன். கோடு விலகினால் வளர்கிறது என்று அர்த்தம். தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் பார்ப்பாள். மே மாதம் மண் சூடேறியபின் ஒரு நாள் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். கோடு ஒரு அரிசி அளவு விலகியிருந்தது.

ஜூனில் விரிந்த ஓலை பார்க்கச் சகிக்காது. கத்தரியால் நறுக்கியது போல நுனியே இல்லை. பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும்போதே அடிபட்ட ஓலை அப்படித்தான் வரும். அதற்கடுத்தது முக்கால்வாசி ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜூலை கடைசியில் விமானம் ஏறினோம். இந்தக் குளிருக்குப் பிளாஸ்டிக் கிடையாது. அடியில் மரப்பட்டைத் தூள் பரப்பி, ஓலைகளைத் தளர்வாகக் கட்டி, காற்று புகும் துணி. அதுவும் கடும் குளிர் நாட்களில் மட்டும், வெயில் வந்ததும் பிரித்துவிடவேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி நம் தென்னை. இங்கே உறைபனி இல்லை, ஆனால் மழைக்காலத்தில் குருத்தழுகல் வருகிறது. முறை ஏறக்குறைய அதேதான். நேற்று நானும் தோட்டக்காரரும் பார்த்தோம். காண்டாமிருக வண்டின் ஓட்டையோ, ஓலையில் முக்கோண வெட்டோ இல்லை. குருத்தை இழுத்தால் வருகிறது, அழுகல் வாடை. சுற்றியுள்ள மூன்று மட்டைகள் இன்னும் பச்சை.

அழுகிய பாகத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்து, போர்டோ பசை தடவவேண்டும். 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனியாகக் கரைத்துப் பிறகு கலக்கவேண்டும். செலவு சங்கக் கணக்கில் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கேட்பது சித்திரை வரை அவகாசம். அதற்குள் கோடு விலகவில்லை என்றால் நானே ஆள் கூப்பிட்டு எடுத்துவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பம்ப் ரூம் பக்கம் வேலை. குழந்தைகள் வரலாம், ஆனால் துத்தத்தைத் தொடவிடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் வாளி இருந்தால் கொண்டுவாருங்கள், இரும்பு வாளி வேண்டாம், துத்தம் அரித்துவிடும். ஒரு பெர்மனன்ட் மார்க்கரும் தேவை.