அடித்துணியைப் பக்குவப்படுத்துதல்



பழந்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத்தையலிட்டுச் செய்வதைக் காந்தா என்பர். நம் கந்தை என்னும் சொல்லுக்கு அது உறவுச் சொல். கன்னட நாட்டில், உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய பெண்களும் இத்தகைய போர்வை தைப்பதில் வல்லவர்கள். அவர்கள் வேலையைத் தொடங்குவதே அடித்துணியிலிருந்துதான். பழஞ்சேலை ஒன்றை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போகின்றனர். நாமோ மேற்புறத்து வண்ணத்திலேயே மனத்தைச் செலுத்திவிட்டு, அடித்துணிக்குக் கையில் அகப்பட்டதைக் கொண்டு காரியத்தை முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் தாயார் மறைந்தபின் அவருடைய கைத்தறிச் சேலைகள் ஏழு எஞ்சின. பேத்திக்கு ஒரு போர்வையாக அவை பயன்படட்டுமே என்று எண்ணினேன். ஊசி பிடிப்பது எனக்குப் பள்ளிக் கைத்தொழில் வகுப்பில் பழகிய வேலை. ஆதலின் துணிவு மிகுதி, எச்சரிக்கை குறைவு. மேட்டூர்க் கடைவீதியில் புதிய காடாத் துணி வாங்கி வந்து, நனைக்காமலே அடியில் வைத்து, இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்தேன். முதல் சலவையிலேயே அடித்துணி சுருங்கிற்று. பல ஆண்டுகள் துவைக்கப்பட்டுச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்ட சேலைகள் சுருங்கவில்லை. மேற்புறம் வற்றிய ஏரிக்கரை போல் மேடும் பள்ளமுமாயிற்று. புதுத்துணி இழுத்த இழுப்பைத் தாங்காமல், தையல் ஓடிய இடங்களில் பழஞ்சேலை கிழிந்தது. போனது துணி மட்டுமா?

காடாத் துணி ஏன் சுருங்குகிறது? சேலம் பகுதியில் நெசவாளர் தெருக்களை ஒட்டிப் பாவடி என்ற திறந்தவெளி இருக்கும். அங்கே பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டி, இழை அறாதிருக்கக் கஞ்சி பூசிக் காய வைப்பார்கள். விசைத்தறிகள் பெருகிய இந்நாளில் அவ்வேலை பெரும்பாலும் ஆலைகளில் நடைபெறுகிறது. கஞ்சி போடுவது மட்டும் மாறவில்லை. தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். துணி தறியை விட்டு இறங்கிய பின்னும் அந்த விறைப்பில் ஒரு பகுதி இழைகளில் தங்கியே இருக்கும். கஞ்சி அதைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி இளகி, இழை தன் இயல்புக்குத் திரும்புகிறது. பருத்தி இழை நீரை உண்டு பருக்கவும் செய்கிறது. பருத்த ஊடை இழையைச் சுற்றி வளைந்து செல்லப் பாவு இழைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்தைத் துணியே கொடுக்கிறது. பாவின் திசையில் சுருக்கம் மிகுதியாக இருப்பது இதனாலேதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். துவைக்குமுன் துணியில் 20 அங்குலச் சதுரம் ஒன்றை வண்ண நூலால் குறியிடுங்கள். இரவு முழுதும் நீரில் ஊற வைத்து, காலையில் வெந்நீரில் சோப்பிட்டு அலசி, காய்ந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். என் துணியில் பாவுத் திசையில் ஓர் அங்குலமும் ஊடைத் திசையில் அரை அங்குலமும் குறைந்தன. நீளத்தில் இருபதில் ஒன்று! அறுபது அங்குலப் போர்வைக்கு அது மூன்று அங்குலமாகும். ஊறிய நீர் கலங்கிக் கொழகொழப்பாக இருந்தால், அது கஞ்சி. வண்ணத் துணியாயின், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம்மூர் வெயிலில் துணியை மொடமொடவென்று காய விடாதீர்கள். சற்று ஈரம் இருக்கும்போதே எடுத்து, கோணலாயிருந்தால் குறுக்கு மூலைகளைப் பிடித்து இழுத்து நேராக்கித் தேய்க்க வேண்டும். வெட்டுவதற்கு அளவுகோலை நம்புவதைவிட, ஊடை இழை ஒன்றை மெல்ல உருவிவிட்டு, அந்தத் தடத்தின் வழியே கத்தரிப்பது நல்லது.

இனி ஒரு சிறு கணக்கு. போர்வை 40 அங்குல அகலம், 50 அங்குல நீளம் என்று கொள்வோம். தைக்கும்போது மேற்றுணி சற்று நகரும். ஆதலால் அடித்துணி நாற்புறமும் நான்கு அங்குலம் மிகுந்து, 48க்கு 58 ஆக இருக்க வேண்டும். துணியோ 36 அங்குல அகலம்தான். இரண்டு துண்டுகளை இணைத்தே தீர வேண்டும். இணைப்பு போர்வையின் நீளவாக்கில் ஓடினால் 58 அங்குலத் துண்டுகள் இரண்டு, அதாவது 116 அங்குலம் தேவை. குறுக்குவாக்கில் ஓடினால் 48 அங்குலத் துண்டுகள் இரண்டு போதும், 96 அங்குலம். சுருக்கத்திற்கும் சேர்த்து 2.75 மீட்டர் வாங்கினால் சரியாயிருக்கும். இணைக்குமுன் இருபுறத்து ஓரக்கரைகளையும் வெட்டி நீக்குங்கள். அவை நெருக்கமாக நெய்யப்பட்டவை. ஊசிக்கும் இடங்கொடா, மற்றத் துணியோடு ஒன்றாகச் சுருங்கவும் மாட்டா.

இணைப்பை நட்டநடுவில் வைக்கலாகாது. போர்வையை எப்போதும் நடுவில்தானே மடிக்கிறோம்? மடிப்பும் தையலும் ஒரே கோட்டில் விழுந்தால் அவ்விடமே முதலில் தேயும். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

பிறகு சுத்தமான தரையில் அடித்துணியை, நல்ல பக்கம் தரையைப் பார்க்குமாறு விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் பொருத்துங்கள். சுருக்கம் இராத அளவுக்கு இழுத்தால் போதும். மத்தளத் தோல் போல் இழுத்துவிட்டால், நாடாவை எடுத்ததும் அது பின்வாங்கும், மேற்புறம் மடிந்துபோகும். அதன்மேல் உள்துணி, அதன்மேல் மேற்றுணி. நடுவிலிருந்து வெளிப்புறமாக நீண்ட தற்காலிகத் தையல்.

கிழிந்த போர்வையை நான் பிரித்தேன். தைக்க இரண்டு மாதம், பிரிக்க மூன்று வாரம். ஏழு சேலைகளில் நான்கு தேறின. சுருங்கிவிட்ட அந்தக் காடாவையே வெட்டி மறுபடியும் அடியில் வைத்தேன். இம்முறை அது சுருங்க வழியில்லை. சற்றுமுன் கணக்கிட்ட நாற்பதுக்கு ஐம்பது அந்தப் போர்வையின் அளவுதான். அதற்குள் பேத்தி வளர்ந்துவிட்டாள். காலை மடக்கிக்கொண்டு அதற்குள்தான் உறங்குகிறாள்.