இதயம் தாளம் தப்புவது ஏன்?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நானும் அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் இதயத்தின் கதையாகச் சொல்லப் போகிறேன்.

“காலையில நல்லாத்தான் மரம் வெட்டப் போனாரு, மத்தியானம் போயிட்டாரு.” பேராக் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் காதில் வாங்காத குடும்பம் குறைவு. சிலர் அதை விதி என்பார்கள், சிலர் காத்து கருப்பு என்பார்கள். இப்படித் திடீரென நேரும் மரணங்களில் பலவற்றுக்குக் காரணம் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதே என்கிறது மருத்துவம்.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறிய திசு இருக்கிறது. காலைப் பெரட்டில் ஒரு குரல் கொடுத்தால் எல்லோரும் அவரவர் நிரைக்குப் போகிறார்கள் அல்லவா? அதுபோல இந்தத் திசு மின்சாரக் கட்டளை கொடுக்கிறது. முதலில் மேலறைகள் சுருங்கும். கட்டளை நடுவில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்குப் போகும். மேலறை ரத்தம் கீழே இறங்க அந்த அவகாசம் வேண்டும். நிமிடத்துக்கு 72 முறை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை துடிப்பு? மாணவர்களே, பெருக்கிப் பாருங்கள்: 1,03,680!

சரி, இந்த ஒழுங்கு எப்படிக் கெடுகிறது? மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிப் போகும்; மறுபட்டை வளர்ந்தாலும் பழையபடி பால் ஓடாது. மாரடைப்பு வந்து பிழைத்தவரின் இதயத்திலும் அப்படி ஒரு தழும்பு விழுகிறது. தழும்பின் வழியே மின்சாரம் போகாது. அதன் ஓரத்தில் அரைகுறையாக உயிரோடிருக்கும் தசை வழியே மெல்ல ஊர்ந்து சுற்றி வரும். அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்போது அங்குள்ள தசை இளைப்பாறி முடித்திருக்கும். புதுக் கட்டளை வந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் சுருங்கும். பிறகு செக்குமாடு மாதிரி அதே வட்டம்தான். துடிப்பு தறிகெட்டு ஓடும்; ரத்தம் மூளைக்குப் போகாது; ஆள் சாய்ந்துவிடுவார்.

ஆகவே, தழும்பு எங்கே இருக்கிறது, அதன் வடிவம் என்ன என்பதில்தான் ஆபத்து அடங்கியிருக்கிறது. இதயத்தின் அமைப்பைத் துல்லியமாக அறியாமல் தாளக் கோளாறைத் தீர்க்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த டாக்டர் கல்யாணம் சிவகுமார், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதயத் தாளக் கோளாறு மையத்துக்குத் தலைமை தாங்கியவர். அவரும் ஜப்பானியரான டாக்டர் ஷும்பே மோரியும் சேர்ந்து, தானமாகக் கிடைத்த மனித இதயங்களை நுணுக்கமாகப் படம் பிடித்து, 2022-இல் ஒரு பெரிய இதயப் படநூலை வெளியிட்டார்கள்.

வடிவம் தெரிந்தால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 1960-இல் லண்டனில் டெனிஸ் நோபல் என்ற இளைஞர், இதயத் தசையின் மின்துடிப்பைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதினார். அவர் தையல் தொழிலாளிகளின் மகன். அந்த நாளில் கம்ப்யூட்டர் கிடைப்பது அரிது. அவருக்கு ஒதுக்கப்பட்டது விடியற்காலை இரண்டு மணி முதல் நான்கு மணி வரைதான். ஊர் தூங்கும் வேளையில் அவர் கணக்குப் போட்டார்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கியவர்களுள் முதன்மையானவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நடாலியா ட்ரயானோவா. நோயாளியின் இதயத்தை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்து, அதே வடிவத்தில், அதே தழும்போடு கம்ப்யூட்டருக்குள் ஓர் இதயம் கட்டுகிறார்கள். நுண்ணிய துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு கொடுத்து ஓட விடுகிறார்கள். மின்சாரம் எங்கே சுற்றிக்கொள்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் இதயத்தை எத்தனை முறை நிறுத்திப் பார்த்தாலும் நோயாளிக்கு வலிக்காது! 2016-இல் மாரடைப்பு கண்ட 41 பேரின் விவரங்களைக் கொண்டு சோதித்ததில், யாருக்கு ஆபத்து என்பதை வழக்கமான முறையைவிடப் பல மடங்கு நன்றாக இது காட்டியது. இன்னும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடவில்லை, ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? பெற்றோர்களே, காரணமில்லாமல் படபடப்பு வந்தால், மயங்கி விழுந்தால், குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தால், “வெயில்தான், சரியாப் போயிடும்” என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்க கிளினிக்குக்குப் போய் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் விழுந்தால் 999-க்குக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவே வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

மாணவர்களே, “கணக்கு படிச்சு என்ன சார் ஆகப் போகுது?” என்று கேட்கிறீர்கள். தையல்காரர் வீட்டுப் பிள்ளை போட்ட கணக்கு இன்று எங்கோ ஓர் அப்பாவின் நெஞ்சில் ஆபத்து இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறது. சுங்கை சிப்புட்டிலோ செம்மோரிலோ பால்மரம் வெட்டியவர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு வரும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஒருநாள் அந்தத் திரைக்கு முன் உங்களில் ஒருவர் உட்கார வேண்டும். உட்கார்ந்து, “ஐயா, கோளாறு இந்த இடத்தில்தான், சரி பண்ணிடலாம்” என்று நம் மொழியில் ஒரு பெரியவருக்குச் சொல்ல வேண்டும்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. இவ்வாண்டு பரிசு கிடைக்காதவர்களுக்கும் என் வாழ்த்து. உங்களுக்கும் விடியற்காலை இரண்டு மணி நேரம் இருக்கிறது.